கையெழுத்து போடாதவர் யார்? எல்லைப்புறத்து வீடு, மனைக் கிரயங்களில் வழக்கறிஞர் கவனிக்க வேண்டியவை

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தை அடுத்த ஓர் ஊரில் பத்து சென்ட் மனையும் அதிலிருந்த ஓட்டு வீடும் வாங்குவதற்காக ஒருவர் என்னிடம் கோப்பைக் கொண்டுவந்தார். நான் தொழிலுக்கு வந்த புதிது. வங்கிக்காக இன்னொரு வழக்கறிஞர் ஏற்கெனவே கருத்துரை எழுதியிருந்தார். முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றில் ஒரு கறையும் இல்லை. பட்டா விற்பவர் பெயரில் இருந்தது. வீட்டுவரி ரசீதும் அப்படியே. அரை மணி நேரத்தில் புரட்டிவிட்டு "தாராளமாக வாங்கலாம்" என்று சொல்லிவிட்டேன்.

கிரயம் முடிந்த இரண்டாம் ஆண்டு பாகம் கேட்டு வழக்கு வந்தது. வழக்குத் தொடர்ந்தவர்கள் விற்றவரின் இரண்டு அத்தைகள். 1968ஆம் ஆண்டு மூன்று சகோதரர்கள் எழுதிக்கொண்ட பாக உடன்படியில் அந்த இருவரின் கையெழுத்து இல்லை. "சகோதரிகளுக்கு ஸ்திரீதனம் கொடுத்துத் தீர்த்துவிட்டபடியால்" என்று ஒரே ஒரு வரி இருந்தது. அந்த வரியை நான் வாசித்திருந்தேன் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. கடைசியில் லோக் அதாலத்தில் பேசி முடித்தார்கள். வாங்கியவர் ஒரே மனைக்கு இரண்டு முறை பணம் கொடுத்தார்.

அன்றிலிருந்து எந்தப் பத்திரத்தை எடுத்தாலும் கையெழுத்து போட்டவர்களை எண்ணிவிட்டு, போட வேண்டியிருந்தும் போடாதவர் யார் என்று தேடுகிறேன். விளவங்கோடு, கல்குளம், செங்கோட்டை, கேரள எல்லைக்கு அப்பால் பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று இரு பக்கமும் கோப்பு பார்க்கும் இளம் வழக்கறிஞர்களுக்காக அந்தத் தேடலை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

முதல் படி: நிலம் எந்த ஆட்சியில் இருந்தது?

1956 நவம்பர் 1ஆம் தேதிதான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தன. அதற்கு முந்தைய பிரமாணம், அதாவது பத்திரம், எதுவானாலும் அது திருவிதாங்கூர் சட்டத்தின் கீழ், பெரும்பாலும் மலையாளத்தில், கொல்லம் ஆண்டில் எழுதப்பட்டது. மதுரையிலோ சென்னையிலோ பழகிய கண்ணோடு அதை வாசித்தால் தடுக்கி விழ வேண்டியதுதான்.

கொல்லம் ஆண்டு ஆகஸ்ட் நடுவில், சிங்ஙம் மாதத்தில் பிறக்கும். ஆகவே சிங்ஙம் தொடங்கி டிசம்பர் முடியும் வரை ஆண்டுடன் 824ஐக் கூட்ட வேண்டும். ஜனவரிக்குப் பிறகு 825. 1122 மேடம் மாதத்துப் பத்திரம் என்றால் அது 1947 ஏப்ரல் அல்லது மே. தனு மாதம் இரண்டு ஆங்கில ஆண்டுகளிலும் கால் வைத்து நிற்கும். அங்கே நாளையும் பார்த்துத்தான் கணக்கிட வேண்டும். ஓர் ஆண்டு பிசகினால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். யார் எப்போது இறந்தார் என்பதைப் பொறுத்து வாரிசுச் சட்டமே மாறும் ஊர் இது.

பழைய பிரமாணங்களில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு பெயர் இருக்கும். இன்ன விளை, இன்ன விளாகம், இன்ன கோணம் என்று எழுதியிருப்பார்கள். அந்தப் பெயரைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். மறுஅளவைக்குப் பிறகு புல எண்கள் மாறிவிட்டன. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பொருத்திக் காட்டும் பட்டியலை வாங்காமல், "இந்த எண்தான் அந்த எண்" என்று விற்பவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளக் கூடாது. எண் குழம்பும் இடத்தில் விளைப் பெயரும் நான்கெல்லையும்தான் உங்களைக் காப்பாற்றும். தண்டப்பேர்ப் பதிவில், அதாவது நிலவரி கட்டுபவரின் கணக்கில், ஸ்ரீபண்டாரவகை என்று கண்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். அது பத்மநாபசுவாமி கோயிலைச் சார்ந்த நில வகை. 1964ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒழித்து ரயத்துவாரியாக (நில உடைமையாளரே அரசுக்கு நேராக வரி கட்டும் முறையாக) மாற்றியது. அந்தச் சட்டப்படி யாருக்குப் பட்டா கிடைத்தது என்ற ஆவணம் இல்லாமல், கைமாறி வந்த உரிமையின் சங்கிலி முழுமை பெறாது.

மலையாளம் தெரியாவிட்டால் வெட்கப்படாமல் தெரிந்தவரை வைத்து முழுப் பத்திரத்தையும் வரிவரியாக வாசிக்கச் சொல்லுங்கள். சாரம் மட்டும் சொல்லச் சொன்னால், "சகோதரிகளுக்குக் கொடுத்துத் தீர்த்தாயிற்று" போன்ற வரிகள் சாரத்தில் வராமல் போய்விடும்.

இரண்டாம் படி: வாரிசுகள்

நேரம் முழுவதையும் விழுங்க வேண்டிய படி இதுதான். வில்லங்கச் சான்று பதிவான ஆவணங்களை மட்டும் காட்டும். ஒருவர் இறந்தவுடன் சட்டப்படி கைமாறும் பங்கு எந்தப் பதிவுப் புத்தகத்திலும் ஏறுவதில்லை.

கிறிஸ்தவக் குடும்பங்களை முதலில் எடுத்துக்கொள்வோம். திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் கொல்லம் 1092இல், அதாவது 1916இல் வந்தது. அதன்படி மகளுக்குக் கிடைப்பது ஸ்திரீதனம்: மகனின் பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. விதவைக்கு ஆயுள்வரையான அனுபவம். 1986இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், 1951 ஏப்ரல் 1 முதலே அந்தச் சட்டம் இல்லாமல் போய்விட்டது, 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. அந்தச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி இரண்டு பங்கு மகன், மகள் வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாக.

இதன் விளைவைக் கூர்ந்து பாருங்கள். 1951 ஏப்ரலுக்கும் 1986க்கும் நடுவில் இறந்தவர்களின் சொத்தை, பழைய சட்டமே நடப்பில் இருப்பதாக நம்பி ஆண்மக்கள் மட்டும் எழுதிக்கொண்ட பாக உடன்படிகள் இந்த மாவட்டத்தில் நிறைய உண்டு. என்னைக் கவிழ்த்த கோப்பில் தந்தை இறந்தது 1963இல். தாய்க்கு மூன்றில் ஒன்று, ஐந்து பிள்ளைகளுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. தாயும் உயில் எழுதாமல் இறந்ததால் அவர் பங்கும் ஐந்தாகப் பிரிந்தது. ஆக, கையெழுத்து போடாத இரண்டு பெண்களுக்கும் மொத்தச் சொத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. அவ்வளவு காலம் கழித்து வரும் வழக்கில் காலவரம்பு, உரிமை மறுத்து அனுபவித்தது என்றெல்லாம் எதிர்வாதம் செய்ய இடமுண்டு. ஆனால் பங்காளி ஒருவரின் அனுபவம் எல்லாப் பங்காளிகளுக்குமான அனுபவம் என்பதுதான் தொடக்க நிலை. வீடு வாங்க வந்தவர் அந்த வாதத்தை முதுமைவரை நடத்துவதற்காகப் பணம் கட்டவில்லை.

அடுத்து மருமக்கள்தாய வழியில், அதாவது தாய்வழியில் சொத்து இறங்கும் முறையில், வந்தவர்கள். நாயர், ஈழவர், நாஞ்சில் நாட்டு வேளாளர் ஆகியோருக்குத் திருவிதாங்கூரில் தனித்தனிச் சட்டங்கள் இருந்தன. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்ததும் எல்லாம் ஒன்றாகிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அதே சட்டத்தின் 17ஆவது பிரிவு இவர்களுக்குத் தனி வரிசை வைத்திருக்கிறது. பொதுவாக இந்துப் பெண் ஒருவர் உயிலின்றி இறந்தால் பிள்ளைகளோடு கணவரும் முதல் வரிசையில் நிற்பார். மருமக்கள்தாய வழிப் பெண் என்றால் பிள்ளைகளோடு முதல் வரிசையில் நிற்பவர் அவருடைய தாய். கணவர் தந்தையோடு இரண்டாம் வரிசைக்குப் போய்விடுவார். வாரிசுச் சான்றில் கணவரும் பிள்ளைகளும் மட்டும் இருப்பதைப் பார்த்துக் கிரயம் எழுதிவிட்டு, அந்தப் பெண் இறந்த நாளில் உயிரோடு இருந்த பாட்டியம்மாவை மறந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வட்டாட்சியர் தரும் சான்று குடும்ப உறுப்பினர்களைச் சொல்லும். பங்கைச் சட்டம்தான் சொல்லும்.

மக்கள்தாய (தந்தைவழி) இந்துக்களின் பூர்விகச் சொத்தில் மூன்று தேதிகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டுத் திருத்தப்படி 1989 மார்ச் 25 அன்று திருமணமாகாதிருந்த மகள் பங்காளி. 2005 செப்டம்பர் 9 முதல் எல்லா மகள்களும் பங்காளிகள். 2004 டிசம்பர் 20க்கு முன்பு முறைப்படி முடிந்த பாகப்பிரிவினையும் விற்பனையும் காப்பாற்றப்பட்டிருக்கின்றன. 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற பழைய சண்டையை 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கு முடித்துவைத்தது. உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை. இதே குடும்பத்துக்குப் பாறசாலைப் பக்கம் ஒரு மனை இருந்தால் கணக்கு வேறு. கேரளம் 1976 டிசம்பர் 1 முதல் இந்துக் கூட்டுக்குடும்ப முறையையே சட்டத்தால் ஒழித்துவிட்டது. ஒரே தாத்தா, ஒரே பேரன்கள்; ஆனால் களியக்காவிளைச் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் ஒரு விடை, அந்தப் பக்கம் இன்னொரு விடை.

மைனர் பங்கு இருக்கும் பத்திரங்களில், இந்துவானால் தந்தையோ தாயோ நீதிமன்ற அனுமதி வாங்கித்தான் விற்றார்களா என்று பாருங்கள். வாங்காவிட்டால் அந்தக் குழந்தை 18 வயதுக்குப் பின் மூன்று ஆண்டுக்குள் அதை எதிர்க்கலாம். சங்கிலியில் இருக்கும் மைனர்களின் பிறந்த தேதியை எழுதிவைத்துக் கணக்குப் போடுங்கள்.

நடைமுறையில் நான் செய்வது இதுதான்: ஒரு முழுத் தாளில் கொடிவழி வரைகிறேன். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இறந்த நாள், மதம், தாய வழி. பத்திரத்தில் கையெழுத்து இருந்தால் ஒரு டிக். டிக் இல்லாத பெயருக்கு விடுதலைப் பத்திரம் அல்லது வலுவான காரணம் வேண்டும். "அவர் ஒன்றும் கேட்க மாட்டார்" என்பது காரணம் அல்ல. அப்படிச் சொல்பவரிடம், "அப்படியானால் ஒரு கையெழுத்து வாங்கித் தாருங்களேன்" என்று கேட்டுப் பாருங்கள், முகம் மாறும்.

மூன்றாம் படி: ஒற்றியும் ஒளிந்திருக்கும் கடனும்

திருவிதாங்கூர்ப் பிரமாணங்களில் ஒற்றி சர்வசாதாரணம். பணத்தை வாங்கிக்கொண்டு நிலத்தை அனுபவத்துக்குக் கொடுப்பார்கள். சங்கிலியின் நடுவில் ஒற்றி வைத்த பத்திரம் இருந்து, மீட்ட பத்திரம் இல்லையென்றால், "அறுபது வருடம் ஆயிற்று, இனி யார் வருவார்" என்று கடந்துபோகாதீர்கள். அனுபவ ஒற்றியில் மீட்கும் உரிமைக்கான காலம் ஒற்றி வைத்த நாளிலிருந்து ஓடாது என்று 2014இல் சிங் ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஒற்றி வாங்கியவரின் பேரன் இன்று "எங்கள் சொந்த நிலம்" என்று விற்க வந்தால், ஒற்றி வைத்தவரின் பேத்தி கையெழுத்து போடாதவர்களின் பட்டியலில் சேர்கிறார்.

இணையத்தில் 1975 முதல் வில்லங்கம் பார்க்கலாம். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேட மனுப் போடுங்கள். பத்திரத்தை வங்கியில் வைத்து வாங்கிய கடன் எழுத்துப் பதிவாகாமல் இருந்தால் வில்லங்கச் சான்றில் வராது. வங்கி ஈடுகளைப் பதியும் மத்தியப் பதிவேடான செர்சாயில் தேடிப் பாருங்கள். அசல் பத்திரத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். அசல் "தொலைந்துபோயிற்று" என்ற சொல் என் மேசையில் வந்தால் கோப்பு அன்றைக்கு மூடப்படும். அசல் இருந்தாலும் சான்றிட்ட நகல் ஒன்று வாங்கி, ஒப்பிட்டு, முத்திரைத்தாள் எண்வரை சரிபாருங்கள்.

நான்காம் படி: நிலத்துக்கு நடந்து போங்கள்

பட்டா உரிமையைத் தராது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. எல்லோரும் மறப்பது வழியை. இங்கே மனைகள் சரிவில், ஒன்றின் முதுகில் ஒன்றாக இருக்கும். ரோட்டிலிருந்து மனைவரை போகும் மூன்றடி நடைபாதை யாருடையது, பத்திரத்தில் எழுதியிருக்கிறதா, அகலம் எவ்வளவு, கார் போகுமா? பத்திரத்தில் "பொது வழி" என்று மட்டும் இருந்து, போய்ப் பார்த்தால் அண்டை வீட்டுக்காரர் அதில் ரப்பர் ஷீட் காயப்போட்டிருப்பார். குழித்துறை, பத்மநாபபுரம் நீதிமன்றங்களில் இந்த வழித் தகராறுகளுக்கென்றே தனி வாசல் வைக்கலாம். பொதுக் கிணறு இருந்தால் அதையும் கேளுங்கள். வீட்டில் வாடகைக்கோ ஒற்றிக்கோ யாராவது இருந்தால் அவரிடமே பேசுங்கள். அனுபவத்தில் இருப்பவரின் உரிமை வாங்குபவருக்குத் தெரிந்ததாகவே சட்டம் கொள்ளும்.

மலையடிவாரக் கிராமங்கள் பல மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் இருக்கின்றன. கட்டட அனுமதிக்கு அங்கே கூடுதல் தடை உண்டு. கடற்கரையில் கடலோர ஒழுங்குமுறை மண்டலம். இரண்டையும் வாங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

ஐந்தாம் படி: உடன்படிக்கையும் முன்பணமும்

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய உடன்படிக்கையைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவு செய்யாததையும் ஏற்றதைச் செய்விக்கக் கோரும் வழக்கில் சான்றாகக் காட்டலாம் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பிடித்துக்கொண்டு சோம்பல்படாதீர்கள். பதிவு செய்தால் வில்லங்கத்தில் ஏறும். இரண்டாவது ஆளுக்கு விற்க முயன்றால் அது குறுக்கே நிற்கும்.

ரொக்கம் பற்றிக் கட்சிக்காரரிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். சொத்துக்கான முன்பணம் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் அதே தொகை அபராதமாக வரலாம். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் கொடுத்ததாக வழக்கில் சொன்னால் வருமான வரித் துறைக்குத் தகவல் போக வேண்டும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. முன்பணம் ரொக்கமாகக் கொடுத்தவர் வழக்குப் போடும் நாளில் தன் வாயாலேயே மாட்டிக்கொள்வார்.

ஆறாம் படி: வளைகுடாவிலிருந்து வரும் அதிகாரப் பத்திரம்

இந்த மாவட்டத்தில் பாதி வீடுகளின் சாவி துபாயிலோ மஸ்கட்டிலோ இருக்கிறது என்று வேடிக்கையாகச் சொல்வோம். அதனால் அதிகாரப் பத்திரம் இல்லாத கோப்பு அரிது. அது இந்தியத் தூதரகத்திலோ உரிய அலுவலர் முன்போ கையெழுத்தானதா? இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட்டதா? விற்கவும் பணம் பெறவும் வெளிப்படையான அதிகாரம் இருக்கிறதா, அல்லது பராமரிக்க மட்டுமா? எழுதிக்கொடுத்தவர் இன்று உயிரோடு இருக்கிறாரா? அவர் இறந்த நொடியில் அதிகாரம் செத்துவிடும். உயிர்ச்சான்றோடு நிற்காமல் நான் வீடியோ அழைப்பில் ஆளைப் பார்த்துப் பேசிவிடுகிறேன். ஒருமுறை, தனக்குத் தெரியாமலேயே விலை பேசப்பட்டிருப்பதை அந்த அழைப்பில்தான் ஒருவர் அறிந்தார். அதிகாரப் பத்திரம் வாங்கியதையே கிரயமாக எண்ணி வாழ்பவர்களுக்கு உச்ச நீதிமன்றத்தின் 2011ஆம் ஆண்டு சூரஜ் லாம்ப் தீர்ப்பைக் காட்டுங்கள்; அதிகாரப் பத்திரம் உரிமையை மாற்றாது.

விற்பவர் வருமான வரிச் சட்டப்படி வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் வரிப்பிடித்தமும் மாறும். உள்நாட்டில் வசிப்பவருக்கு 50 லட்சம் முதல் 1 சதவீதம் என்ற கணக்கு அவருக்குப் பொருந்தாது. 50 லட்சம் என்ற வரம்பே அங்கே கிடையாது, விகிதமும் அதிகம். பிடிக்கத் தவறினால் துறை வாங்கியவரைத்தான் தேடிவரும்.

ஏழாம் படி: எல்லை தாண்டும்போது

பாறசாலையில் வீடு கட்ட மனை பார்க்கும் நம்மவர்கள் ஒரு சொல்லில் ஏமாறுகிறார்கள். கேரள வருவாய்ப் பதிவேட்டில் 'நிலம்' என்று இருந்தால் அது நெல்வயல். வீடு கட்டும் இடத்தின் பெயர் 'புரயிடம்'. தமிழில் எல்லாம் நிலம்தானே என்று வாசித்துவிட்டுப் பணத்தைக் கொடுத்தால், 2008ஆம் ஆண்டின் நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம் கட்டட அனுமதியை மறிக்கும். தென்னையும் வாழையும் நிற்பதால் அது புரயிடம் ஆகிவிடாது. அடிப்படை வரிப் பதிவேட்டின் நகலையும், நெல்வயல்களைப் பட்டியலிடும் நிலத் தரவு வங்கியில் அந்தப் புல எண் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். போக்குவரவு (பெயர் மாற்றம்) முடிந்து தண்டப்பேர் விற்பவர் பெயரில் இருக்கிறதா, நடப்பாண்டுக் கரம் (நிலவரி) தீர்த்த ரசீது உண்டா என்றும் கேளுங்கள். பழைய குடியானவர் வழி வந்த உரிமையானால் 1963ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டப்படியான பட்டயம் வேண்டும்.

மனை எல்லைக்கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தால், ஒரு பகுதி எந்தச் சார்பதிவாளர் எல்லைக்குள் இருக்கிறதோ அங்கே பதிவு செய்யப் பதிவுச் சட்டத்தின் 28ஆவது பிரிவு இடம் தரும். ஆனால் முத்திரைத் தீர்வை தமிழ்நாட்டில் 7 சதவீதம், கேரளத்தில் 8. பதிவுக் கட்டணம் இரண்டிலும் 2. குழப்பம் வேண்டாம் என்று நான் இரண்டு பத்திரமாகவே எழுதுகிறேன்.

எட்டாம் படி: பதிவு நாள்

பதிவாகிவிட்டது என்பதால் உரிமை சரி என்று ஆகாது. உரிமையைத் தீர்ப்பது சார்பதிவாளரின் வேலை அல்ல என்று 2025இல் கே.கோபி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லி, முந்தைய அசல் பத்திரத்தைக் கேட்ட தமிழ்நாட்டு விதியையும் ரத்து செய்தது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவை மறக்க வேண்டாம்: கோயில் நிலம், அங்கீகாரமில்லாத மனைப்பிரிவு ஆகியவற்றுக்கு அது தடை. 2016 அக்டோபர் 20க்கு முன்பே வீட்டுமனையாகப் பதிவான துண்டானால் விலக்கு உண்டு. ஊராட்சித் தலைவரின் முத்திரை மட்டும் உள்ள மனை வரைபடம் அங்கீகாரம் ஆகாது.

விலையைக் குறைத்து எழுதச் சொல்வார்கள். பத்திரம் தயாரிப்பவர் உண்மையை மறைத்து அரசை ஏய்த்தால் அவரையே தண்டிக்க முத்திரைச் சட்டத்தின் 64ஆவது பிரிவு இருக்கிறது என்பதை அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

ஒன்பதாம் படி: உங்கள் கையெழுத்து

வங்கிக்குத் தவறான கருத்துரை கொடுத்தார் என்பதற்காக மட்டும் வழக்கறிஞரைக் குற்றவாளியாக்க முடியாது, சதியில் பங்கு இருந்ததாகக் காட்ட வேண்டும் என்று 2012இல் கே.நாராயண ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்தத் தீர்ப்பு வரும்வரை அவர் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். கருத்துரையில் எந்தெந்த ஆவணத்தின் அசலைப் பார்த்தீர்கள், எதை நகலாக மட்டும் பார்த்தீர்கள், யார் சொன்னதை நம்பினீர்கள் என்று தனித்தனியாக எழுதுங்கள். வாங்குபவர், விற்பவர் இருவருக்கும் நீங்களே வேலை பார்க்காதீர்கள். ஒரே ஊர், ஒரே சர்ச், ஒரே கோயில் என்றாலும் சரி. தரகர் அனுப்பிய கோப்பானாலும் கட்டணத்தைக் கட்சிக்காரரிடமிருந்தே வாங்குங்கள்.

பதிவுக்குப் பிறகு

கிரயம் முடிந்த அன்றே பலர் கோப்பைக் கட்டி வைத்துவிடுகிறார்கள். உட்பிரிவு செய்து பட்டா மாறும்வரை நான் கட்டுவதில்லை. சர்வேயர் அளக்க வரும் நாளை அண்டை மனைக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பி, வாங்கியவரோடு நானும் போய் நிற்கிறேன். அளவைச் சங்கிலி இழுபடும்போது வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பவர்களிடம் அவர்களுடைய தாத்தாவின் பெயரைக் கேட்டுக்கொள்வேன். கல் நட்ட இடங்களைப் படம் எடுத்து, அந்தப் பெயர்களையும் கொடிவழித் தாளின் பின்பக்கத்தில் எழுதி, கோப்பில் வைத்துவிடுவேன்.